வடபகுதியின் கடல் முற்றுகை: போர்ட் றோயலில் கொமாண்டர் டிரேட்டன்

அமெரிக்க உள்நாட்டு யுத்தம் (1861–1865) தொடர்பான வினாக்களுக்கு விடையளிக்கும் மாணவர்களுள் பலர், "வடபகுதிக் கடற்படை தென்பகுதித் துறைமுகங்களை முற்றுகையிட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விடயத்திற்குச் சென்றுவிடுகின்றனர். அவ்வரி பிழையன்று. ஆயினும் அம்முற்றுகை எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை விளக்கினால்தான் விடை முழுமை பெறும்.

1861 ஏப்ரல் 19 இல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் முற்றுகையைப் பிரகடனம் செய்தார். தென்பகுதி தனது பருத்தியை ஏற்றுமதி செய்தே ஐரோப்பாவிலிருந்து ஆயுதங்களைப் பெறவேண்டியிருந்தது. அவ்வழியை அடைப்பதே நோக்கமாகும். ஆனால் 1856 ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனத்தில் ஐரோப்பிய வல்லரசுகள் ஏற்றுக்கொண்ட விதியின்படி, காகிதத்தில் மட்டும் அறிவிக்கப்படும் முற்றுகை செல்லுபடியாகாது. துறைமுக வாயிலைத் தடுக்கப் போதிய கப்பல்கள் உண்மையாகவே அங்கு நிற்க வேண்டும். தடுக்கப்பட வேண்டிய கரையோரமோ ஏறத்தாழ 3500 மைல். அப்போது சேவையிலிருந்த போர்க்கப்பல்கள் நாற்பதைச் சற்றே தாண்டியவை. அவற்றுள்ளும் பல தூர தேசத்துக் கடல்களில் நின்றன.

கப்பல்களை வாங்கலாம், புதிதாகக் கட்டலாம். நிலக்கரிக்கு என்ன செய்வது? நீராவிக் கப்பல் ஒவ்வொரு முறையும் நிலக்கரி ஏற்றவும் பழுது பார்க்கவும் வடக்கே திரும்பினால், அதன் காலத்தில் பெரும்பகுதி பயணத்திலேயே கழிந்துவிடும். எனவே தெற்கிலேயே ஒரு துறைமுகத்தைக் கைப்பற்ற வேண்டியதாயிற்று. (பல மாணவர்கள் தவறவிடும் இடம் இதுவே.) சார்ள்ஸ்டனுக்கும் சவன்னாவுக்கும் இடையில், தென் கரோலினாவில் அமைந்துள்ள போர்ட் றோயல் இதற்குத் தெரிவு செய்யப்பட்டது.

1861 நவம்பர் 7 இல் சாமுவேல் டு பொன்ட்டின் கப்பல்கள் குடாவினுள் நுழைந்தன. ஒரு கரையில் வோக்கர் கோட்டை, மறு கரையில் பியூறிகாட் கோட்டை. கப்பல்கள் நங்கூரமிட்டு நில்லாமல் நீள்வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்து சுட்டமையால் கோட்டைப் பீரங்கிகளுக்குக் குறிவைப்பது கடினமாயிற்று. நண்பகலளவில், புயலினால் தாமதமடைந்த பொக்கஹொன்டாஸ் என்ற கப்பலும் வந்து சேர்ந்து வோக்கர் கோட்டையின் பக்கவாட்டைத் தாக்கியது.

அக்கப்பலின் கட்டளை அதிகாரி கொமாண்டர் பேர்சிவல் டிரேட்டன். 1812 இல் சார்ள்ஸ்டனில் பிறந்தவர். அவருடைய தந்தை ஐக்கியத்தை ஆதரித்த அரசியல்வாதி. 1833 இல் குடும்பத்துடன் பிலடெல்பியாவில் குடியேறியவர். பேர்சிவல் 1827 முதல் கடற்படையில் சேவையாற்றினார். யுத்தம் மூண்டதும் தென்மாநிலத்து அதிகாரிகள் பலர் பதவி துறந்து சொந்த மாநிலங்களுக்குத் திரும்பினர். அவர் திரும்பவில்லை.

அன்று கரையில் அவருக்கு எதிராக நின்ற பாதுகாப்புப் படைகளின் தளபதி யார் தெரியுமா? அவருடைய மூத்த சகோதரர், பிரிகேடியர் ஜெனரல் தோமஸ் டிரேட்டன். வோக்கர் கோட்டை அமைந்திருந்த ஹில்டன் ஹெட் தீவிலேயே தோமஸின் பெருந்தோட்டமும் இருந்தது. அண்ணனின் படைகள் காத்த கோட்டையின்மீது தம்பியின் கப்பல் சுட்டது. "சகோதர யுத்தம்" என்ற தொடரை உவமையாகவே பலரும் எழுதுகின்றனர். இங்கு அது நேர்ப்பொருளிலேயே நிகழ்ந்தது. பிற்பகலில் கோட்டை கைவிடப்பட்டது. சகோதரர் இருவரும் உயிர் தப்பினர்.

போர்ட் றோயல் அதன்பின் தென் அத்திலாந்திக் முற்றுகைப் படையணியின் நிலக்கரித் தளமாகவும் பழுதுபார்க்கும் இடமாகவும் யுத்தம் முடியும்வரை விளங்கியது. முற்றுகையை மீறிச் சென்ற வேகக் கப்பல்கள் பல இருந்தன என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் அவை சிறியவை. பருத்தி ஏற்றுமதி முன்னைய அளவின் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. டிரேட்டன் பின்னர் 1863 இல் பசாயிக் என்ற இரும்புக் கவசக் கப்பலுக்கும், 1864 இல் மொபைல் குடாச் சமரில் ஹார்ட்போர்ட் கப்பலுக்கும் தலைமை தாங்கி, யுத்தம் முடிந்த சில மாதங்களில், 1865 ஓகஸ்டில் காலமானார்.

விடையில் இன்னொரு விளைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டச் சொந்தக்காரர்கள் தப்பியோடியபோது, அப்பகுதித் தீவுகளில் ஏறத்தாழ 10,000 அடிமைகள் எஞ்சியிருந்தனர். விடுதலை பெற்ற அம்மக்களுக்காக 1862 இல் மிச்சல்வில் என்ற ஊர் அமைக்கப்பட்டது. அது எழுந்த நிலம் தோமஸ் டிரேட்டனின் தோட்டமாகும்.