கணக்கு சொன்னது 251, மீட்டர் காட்டியது 145

கூகுளின் பொறியாளர்கள் ஷியாவ்போ ஃபான், வுல்ஃப்-டீட்ரிக் வெபர், லூயிஸ் ஆந்த்ரே பரோசோ ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு எளிய கூட்டல் கணக்கு இருக்கிறது. ஒரு சாதாரண சர்வரின் பாகங்களுக்கு உற்பத்தியாளர்கள் குறிப்பிட்டிருந்த உச்ச மின்தேவையை ஒவ்வொன்றாகக் கூட்டினார்கள். இரண்டு சிபியுவுக்கு 80 வாட், மெமரிக்கு 36, ஹார்ட் டிஸ்க்குக்கு 12, மதர்போர்டுக்கு 25, மின்விசிறிக்கு 10. கார்டு செருகினாலும் செருகாவிட்டாலும் கணக்கில் ஏறிவிடுகிற பிசிஐ ஸ்லாட்டுகளுக்கு 50. ஆக மொத்தம் 213. பவர் சப்ளையில் வீணாவதையும் சேர்த்தால் 251 வாட். பிறகு அதே சர்வரை முழு மூச்சில் ஓடவிட்டு மீட்டரைப் பார்த்தார்கள். 145 வாட்தான்.

மீதி 106 வாட் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. யாரும் கேட்காத மின்சாரத்துக்கு இடம் ஒதுக்கி வைத்ததுதான் மிச்சம்.

டேட்டா சென்டரின் கொள்ளளவை இன்று சதுர அடியில் யாரும் பேசுவதில்லை, மெகாவாட்டில்தான் பேசுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர், யுபிஎஸ், டீசல் ஜெனரேட்டர், குளிரூட்டும் இயந்திரங்கள் என எல்லாவற்றையும் அந்த ஒரு எண்தான் தீர்மானிக்கிறது. அந்த ஆய்வு வெளிவந்த காலத்தில், அமெரிக்காவில் ஒரு வாட் கொள்ளளவைக் கட்டி எழுப்ப 10 டாலருக்கு மேல் செலவாகும் என்பது மதிப்பீடு. அதே ஒரு வாட்டை ஆண்டு முழுவதும் எரிக்க ஆகும் மின்கட்டணமோ சுமார் 80 சென்ட். பத்தாயிரம் சர்வர்களுக்கு இந்த 106 வாட் இடைவெளியைப் பெருக்கினால் ஒரு மெகாவாட்டைத் தாண்டும். உற்பத்தியாளரின் விவரத்தாளை நம்பித் திட்டமிட்டவர் ஒரு கோடி டாலரைச் சும்மா புதைத்திருப்பார்.

ஆய்வு அதோடு நிற்கவில்லை. 15,000 சர்வர்கள் வரை சுமார் ஆறு மாதம் கவனித்தார்கள். மீட்டரில் அளந்த உச்சத்தை வைத்துக் கணக்கிட்டாலும், சில ஆயிரம் சர்வர்கள் கொண்ட தொகுதி ஒன்று அந்த மொத்தத்துக்கு 7 முதல் 16 சதவீதம் கீழேயே ஓடியது. முழு மையத்தை எடுத்துக்கொண்டால் இடைவெளி ஏறத்தாழ 40 சதவீதம். அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டு ஏசியும் கீசரும் மிக்சியும் ஒரே நொடியில் ஓடுவதில்லை அல்லவா, அதே கதைதான். ஆகவே அதே மின்சாரத்தில் இன்னும் பல சர்வர்களைத் துணிந்து வைக்கலாம் என்பது முடிவு.

துணிவுக்குக் காவலும் வேண்டும். எல்லாம் ஒருசேர எகிறினால் பிரேக்கர் விழுந்துவிடும். ஃபேஸ்புக் இதற்காக டைனமோ என்ற கண்காணிப்பு மென்பொருளை எழுதியது. மின்சுமை எல்லையை நெருங்கினால் அது சர்வர்களின் வேகத்தைச் சற்றே குறைக்கும். இப்படி ஆறே மாதத்தில் 18 மின்தடைகளைத் தவிர்த்ததாக அந்நிறுவனம் 2016இல் எழுதியது.

அப்படியானால் விவரத்தாளைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. எந்த எண்ணை எதற்குப் படிப்பது என்று தெரிந்தால் போதும். என்விடியாவின் டிஜிஎக்ஸ் எச்100 சர்வரின் தாளைப் பார்ப்போம். தலா 3.3 கிலோவாட் திறனில் ஆறு பவர் சப்ளைகள். கூட்டினால் 19.8. இதைப் பார்த்து மிரள வேண்டாம். ஆறில் இரண்டு உபரி, ஒன்றிரண்டு பழுதானாலும் சர்வர் நிற்கக் கூடாது என்பதற்காக. உண்மையான உச்சம் 10.2 கிலோவாட். உயரம் 8 யு (ரேக்கின் உயர அலகு), அதாவது 42 யு ரேக்கில் ஐந்து சர்வர்கள் நுழையும். ஆனால் ஐந்துக்கும் 51 கிலோவாட் வேண்டும். பல பழைய மையங்களில் ஒரு ரேக்குக்குக் கிடைப்பது 5 முதல் 10 கிலோவாட்தான், அங்கே ஒன்றுகூடத் தேறாது. எடை சுமார் 130 கிலோ. ஐந்தும் ஏறினால் 650 கிலோ, தரை தாங்குமா என்று முதலில் கேட்க வேண்டும். உண்ட மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேறும் என்பதால், ஒரே ஒரு பெட்டிக்கு 2.9 டன் குளிரூட்டல் தேவை. வீட்டில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி இரண்டு!

செயற்கை நுண்ணறிவு வந்தபின் 2007இன் பாடமும் ஆட்டம் காண்கிறது. லாமா 3 மாடலை மெட்டா 16,000 எச்100 சில்லுகளில் பயிற்றுவித்தது. ஒவ்வொன்றும் 700 வாட் வரை இழுக்கும். இவை தனித்தனி வேலை பார்ப்பவை அல்ல. ஒன்றாகக் கணக்கிடும், ஒன்றாகக் காத்திருக்கும். அதனால் மையத்தின் மின்தேவை ஒரே நொடியில் பத்துக்கணக்கான மெகாவாட் ஏறி இறங்கியதாக 2024இல் மெட்டா பதிவு செய்தது. இத்தகைய வேலைக்குச் சராசரியை நம்பினால் மோசம். உச்சத்துக்கே இடம் ஒதுக்க வேண்டும்.

என்விடியாவின் ஜிபி200 ரேக் ஒன்று சுமார் 120 கிலோவாட் கேட்கிறது, காற்று போதாமல் திரவத்தால் குளிர்விக்கப்படுகிறது. சென்னை அம்பத்தூரில் 2024இல் தொடங்கப்பட்ட டேட்டா சென்டர் வளாகத்தின் முதல் கட்டம் 20 மெகாவாட். ரேக்குக்கு 8 கிலோவாட் என்றால் அந்த அளவில் 2,500 ரேக்குகள் ஓடும். 120 கிலோவாட் என்றால் 166 மட்டுமே.

கல்லூரியிலோ மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ சர்வர் அறை அமைக்கப்போகிறவர்கள் மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் முன் ஒரே ஒரு சர்வரை வாங்கி, தங்கள் சொந்த வேலையை மாதக் கடைசி நெருக்கடி வரை ஓட்டி, மீட்டரில் அளந்து பாருங்கள். யுபிஎஸ் எத்தனை கேவிஏ என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.