வியாசர்பாடி கிரவுண்டுக்கு 600 மி.மீ. லென்ஸ் செட் ஆகுமா? - ஒரு முதல் பார்வை!

பேசின் பிரிட்ஜ் வழியாக சென்ட்ரலுக்கு ரயிலில் வருபவர்கள் பார்ப்பதெல்லாம் தண்டவாளங்களையும் வரிசைகட்டி நிற்கும் ரயில் பெட்டிகளையும்தான். பக்கத்திலேயே இருக்கும் வியாசர்பாடியில் மாலையானால் பசங்க பந்தோடு கிரவுண்டுக்கு வந்துவிடுவார்கள். தலைமுறைகளாக ஃபுட்பால் ஆடும் ஏரியா அது. ஆனால், தூரத்து கோல் போஸ்ட்டில் கோல் அடித்த பையனை செல்போனில் படமெடுத்தால், அவன் முகம் ஒரு புள்ளியாகத்தான் விழும். மேட்ச் முடிந்து, தன் போட்டோவைக் கேட்டு ஓடி வருபவனிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

இந்தக் குறையைத் தீர்ப்பவைதான் டெலிபோட்டோ ஜூம் லென்ஸ்கள். பெரிய ஸ்டேடியங்களில் பீரங்கி மாதிரி நிற்கும் லென்ஸ்களின் விலை பல லட்சம். அதற்குக் கீழே இருப்பவற்றில் ஒன்று, 2023-ல் நிக்கான் அறிமுகப்படுத்திய இசட் 180-600 மி.மீ. இதுவும் ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டும். நம்ம ஏரியா மைதானத்துக்கு இது சரிவருமா?

கையில் எடுத்தால்...

ஸ்டாண்டில் மாட்டும் வளையத்தோடு சேர்த்து எடை 2,140 கிராம். 90 நிமிடமும் கையிலேயே தாங்கினால் தோள்பட்டை கெஞ்சும். ஒற்றைக்கால் ஸ்டாண்டான மோனோபாட் அவசியம். பெரிய ப்ளஸ், ஜூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீளாது. கண்ணாடிகள் உள்ளுக்குள்ளேயே நகர்கின்றன. அதனால் புழுதியை உள்ளே இழுக்கும் வாய்ப்பு குறைவு. 180-லிருந்து 600-க்குப் போக, வளையத்தை 70 டிகிரி திருப்பினால் போதும். பந்து ஒரே உதையில் மறுமுனைக்குப் பறக்கும் ஆட்டத்தில் இது பெரிய வசதி.

எவ்வளவு தூரம் எட்டும்?

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 600-ல் வைத்தால், 50 மீட்டர் தள்ளி ஓடும் ஆட்டக்காரர் தலை முதல் கால் வரை படம் நிறைய விழுவார். 100 மீட்டரில் படத்துக்குள் வரும் அகலம் 6 மீட்டர். கோல் போஸ்ட்டின் அகலம் 7.32 மீட்டர் என்பதால், மறுமுனை கோல் கீப்பரும் அடிப்பவரும் ஒரே படத்தில் சிக்குவார்கள்.

சிக்கல் பக்கத்தில்தான். 10 மீட்டரில் ஒருவர் வந்துவிட்டால், 180-ல் கூட முழு உருவம் அடங்காது. கோல் போட்டவுடன் கட்டிப்பிடித்துக் குதிக்கும் காட்சிக்கு இன்னொரு கேமராவோ, செல்போனோ கைவசம் வேண்டும்.

வெளிச்சம்தான் வில்லன்!

இந்த லென்ஸின் அதிகபட்சத் திறப்பு 180-ல் எஃப் 5.6, 600-ல் எஃப் 6.3. ஸ்டேடியங்களில் பயன்படும் எஃப் 2.8 லென்ஸ், 600-ல் இது தருவதைவிட சுமார் 5 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஓடும் கால்களை உறையவைக்க ஷட்டர் வேகம் விநாடியில் 1,000-ல் ஒரு பங்காவது வேண்டும். மதியம் 4 மணி வெயிலில் பிரச்னையில்லை. ஆனால், டிசம்பரில் 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த மங்கலில் எஃப் 2.8-ல் ஐ.எஸ்.ஓ. 2,000 போதுமென்றால், இதில் 10,000 வைக்க வேண்டும். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும்; ஆட்டக்காரரின் வேகத்தை அல்ல.

வடசென்னையின் மற்ற விளையாட்டுகளுக்கு? ‘சார்பட்டா பரம்பரை’ காட்டிய குத்துச்சண்டைக்கு இது தோதுப்படாது. உள்ளரங்கம், மங்கலான வெளிச்சம், குறைந்த தூரம் என்பதால் 70-200 எஃப் 2.8 லென்ஸே கைகொடுக்கும். 2024 உலகக் கோப்பையில் வடசென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்ற கேரமுக்கோ, நல்ல செல்போனே போதும்.

வாங்கலாமா?

பகல் நேர மேட்ச்களை மாதம் முழுக்க எடுப்பவர்களுக்குப் பணம் வீண்போகாது. எப்போதாவது எடுப்பவர்கள் ஒரு டோர்னமென்ட்டுக்கு வாடகைக்கு எடுத்து, மாலை 5 மணிக்கு மேல் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஆடுபவர்கள் சிறுவர்கள் என்றால், கோச்சிடமும் பெற்றோரிடமும் கேட்காமல் சோஷியல் மீடியாவில் போட வேண்டாம். அன்றிரவே அந்தப் பசங்க வீட்டு வாட்ஸ்அப்புக்குப் படங்களை அனுப்பிவிடுங்கள். அவர்கள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள்.