மூன்று தொழிலர், ஒரே கோப்பு

அலுவலகங்களுக்கென எழுதப்படும் கூட்டுவேலை மென்பொருளில் அதிகாரம் முழுவதும் நிறுவனத்தின் கையில் இருக்கும். கணக்கைத் திறப்பது, மூடுவது, எந்தக் கோப்பை யார் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது எல்லாம் அதன் வேலை. ஃப்ரீலான்ஸர் எனப்படும் சுயாதீனத் தொழிலருக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. ஒரே வாரத்தில் அவர் மூன்று வாடிக்கையாளருக்கு வேலை செய்வார். ஒருவரின் விலைப்பட்டியல் மற்றவர் கண்ணில் படக்கூடாது. வேலை முடிந்து விலகும்போது தான் செய்ததற்கான சான்றும் அவர் கையில் இருக்க வேண்டும்.

திருகோணமலை மாவட்டத்து நிலாவெளியில் ஒரு விடுதிக்கு இணையத்தளம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். படம் எடுப்பவர் உப்புவெளியில், தளத்தை வடிவமைப்பவர் உவர்மலையில், சிங்களத்தில் மொழிபெயர்ப்பவர் கந்தளாயில் இருக்கிறார்கள். நான்காமவர் விடுதி முதலாளி. புதிதாக ஒரு செயலியைக் கற்க அவருக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. மென்பொருள் செய்பவர்கள் வழக்கமாக மறந்துபோவது இவரைத்தான். 2004இல் வெளிவந்த பேஸ்கேம்ப் என்ற கூட்டுவேலை மென்பொருள் இதில் விதிவிலக்கு. அதை உருவாக்கிய சிக்காகோவின் 37சிக்னல்ஸ் அப்போது பிறருக்கு இணையத்தளம் செய்துகொடுத்த சிறு நிறுவனம். தன் வாடிக்கையாளரோடு பேசவே அதைச் செய்துகொண்டது.

அதே காலத்தில் வேறொரு வழியும் பிறந்தது. பின்னாளில் அப்வர்க் ஆன ஓடெஸ்க் என்ற இணைய வேலைச்சந்தை, மணிக்கணக்கில் கூலி பெறுவோரின் திரையை 10 நிமிடத்துக்கு ஒரு முறை படம்பிடித்து, விசைப்பலகைத் தட்டல்களையும் எண்ணியது. கூலிக்கு அது உத்தரவாதம் தந்தது உண்மை. ஆனால் தாளில் கோடு போட்டு யோசித்த அரை மணிநேரம் அதன் கணக்கில் சோம்பல்தான்.

இலங்கையில் வடிவமைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை போனது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்ததே காரணம் என்றார் எரிசக்தி அமைச்சர். ஆகவே மூலக்கோப்பு அவரவர் கணினியிலேயே இருந்து, இணைப்பு வந்ததும் மாற்றங்கள் ஒன்றுசேர வேண்டும். இங்க் அண்ட் ஸ்விட்ச் ஆய்வகம் 2019இல் விரித்து எழுதிய அணுகுமுறை இதுவே. 2011இல் பெயர்பெற்ற சிஆர்டிடி என்னும் தரவமைப்புகள், யாருடைய மாற்றம் முதலில் வந்தாலும் எல்லாக் கணினியிலும் ஒரே முடிவு கிடைக்கச் செய்கின்றன.

ஒரே முடிவு என்பதாலேயே அது சரியான முடிவு ஆகிவிடாது. மின்சாரம் இல்லாத நேரத்தில் அறை வாடகையை ஒருவர் 12,000 ரூபாய் என்றும் மற்றவர் 14,000 என்றும் மாற்றியிருந்தால், மென்பொருள் ஒன்றைச் சத்தமில்லாமல் விழுங்கக்கூடாது. இரண்டையும் காட்டி, முதலாளியைக் கேட்க வேண்டும். தமிழில் இன்னொரு சிக்கல். ‘நி’ கணினிக்கு இரண்டு குறியீடு. ஒருவர் அழித்ததும் மற்றவர் சேர்த்ததும் எழுத்துக்கு நடுவே சந்தித்தால், கொக்கி மட்டும் புள்ளிவட்டத்தில் தொங்கும். பாமினி எழுத்துருவில் வரும் கோப்போ, எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றும் வசதி உள்ளேயே வேண்டும்.

நேரத்தையும் இடத்தோடு சேர்த்தே பதிய வேண்டும். இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை. அதனால் அப்போது திருகோணமலை மாவட்டத்துக்குள்ளேயே, அவர்கள் வசமிருந்த சம்பூர்ப் பக்கம் ஒரு நேரம், நகரில் ஒரு நேரம்.

கடைசியில் காசு. ஃபைவர் என்ற இணைய வேலைச்சந்தையில் 100 டொலர் வேலைக்கு விற்பவர் கைக்கு வருவது 80. கணக்கு ஒருவர் பெயரில் இருக்க மூவர் உழைத்தால், பங்கு நூறிலா எண்பதிலா? கரைவலையில் செலவு கழித்த பிறகே வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் தொழிலாளிக்கும் பங்கு பிரிகிறது. அந்த விதி கடலில் இறங்குமுன்பே எல்லாருக்கும் தெரியும். மென்பொருளும் வேலை தொடங்குமுன் இதை எழுதி வாங்க வேண்டும். பேபாலில் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலை இலங்கையில் நெடுங்காலம் நீடித்ததால், பலர் பயோனியர் என்ற பணப்பரிமாற்றச் சேவை வழியே பெறுகிறார்கள். அந்தச் சேவை பிடிக்கும் கழிவும் நாணயமாற்று விகிதமும் தனி வரியாகப் பதிவாக வேண்டும். 2025 ஏப்ரல் முதல் இத்தகைய வெளிநாட்டு வருமானத்துக்கு அதிகபட்சம் 15 வீத வரி உண்டு. பணம் ஒரு கணக்கில் வந்தாலும் ஒவ்வொருவரின் பங்குக்கும் திகதியிட்ட தனிப் பற்றுச்சீட்டு கிடைக்காவிட்டால், மூவரின் வரியும் கணக்கு வைத்திருப்பவர் தலையில் விழும்.