குழாயை வெட்ட விடாதீர்கள்

பழைய ஃபிரிட்ஜை வாங்க வரும் காயலான் கடைக்காரரின் கண் முதலில் போவது கம்ப்ரஸர் மேல்தான். உள்ளே செம்புச் சுருள், வெளியே கனத்த இரும்பு. காசு அங்கேதான் இருக்கிறது. வாசலிலேயே பெட்டியைத் திருப்பிப் போட்டு, கட்டிங் பிளேயரால் குழாயில் ஒரு நறுக்கு. 'உஸ்' என்று சில நொடி சத்தம். ஃபிரிட்ஜ் ரிப்பேர்தான் என் பிழைப்பு. மதுரைத் தெருக்களில் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

வெளியேறுவது என்ன கேஸ் என்பது பெட்டியிலோ கம்ப்ரஸரிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஆர்-12 என்றிருந்தால் மிகப் பழைய பெட்டி. அந்த கேஸில் உள்ள குளோரின் ஓசோன் படலத்தை அரிக்கும். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தபின் உலக நாடுகள் அதைப் படிப்படியாகக் கைவிட்டன. இந்தியாவிலும் 2010இலிருந்து ஃபிரிட்ஜுக்காக அதைத் தயாரிப்பதில்லை. அதில் நூறு கிராம் காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனாலும் அதே நூறு கிராம், நூறு கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவின் வேலையைச் செய்துவிடும். இப்போதைய பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சூழலுக்குக் கெடுதல் குறைவு. ஆனால் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். காற்றோட்டமில்லாத குடோனில் இதை வெட்டுகிறவரின் உயிருக்கே ஆபத்து.

குழாயோடு முடிவதில்லை. சுவருக்குள் இருக்கும் மஞ்சள் நுரையை நாங்கள் பஃப் என்போம். பழைய பெட்டிகளில் அந்த நுரையை உப்ப வைத்ததும் ஓசோனைக் கெடுக்கும் கேஸ்தான். பல பெட்டிகளில் குழாயில் இருப்பதைவிட நுரைக்குள் இருப்பது அதிகம். தகடு போதுமென்று உரித்துவிட்டு, நுரையைக் குப்பைமேட்டில் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையில் சயனைடு கலந்த நஞ்சு உண்டு. அதை மூச்சில் இழுப்பவர்கள் பக்கத்துக் குடிசைக் குழந்தைகள்.

"காயலான் கடையில உடனே காசு கிடைக்குதே தம்பி?" என்று கேட்கிற அக்காக்களிடம் நான் சொல்வது இதுதான். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, விற்ற பெட்டிகளுக்கு ஈடாகக் கழிவை மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் கூப்பிட்டு, பழையதை எடுக்க ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரர்களின் பட்டியல் இருக்கிறது. அவர்களிடம் கேஸை உறிஞ்சி சிலிண்டரில் அடைக்கும் மெஷின் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும், பெட்டி எங்கே போகிறது என்று கடைக்காரரிடம் கேட்கத் தயங்காதீர்கள். நாலு பேர் கேட்டால்தான் அவர்களும் பதில் தேடி வைப்பார்கள்.

வண்டி வருவதற்கு முந்தின நாளே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஐஸ் தானாகக் கரையட்டும். கத்தியால் குத்தினால் ஃப்ரீஸர் தகடு ஓட்டையாகி கேஸ் அங்கேயே போய்விடும். பெட்டியை நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் மாடியிலோ கொல்லையிலோ கிடக்க வேண்டியிருந்தால், முதல் வேலையாகக் கதவின் ஸ்க்ரூவைக் கழற்றிக் கதவைத் தனியே எடுத்துவிடுங்கள். கைப்பிடி லாக் வைத்த பழைய பெட்டியை உள்ளேயிருந்து திறக்க முடியாது. ஒளிந்து விளையாடப் போய் அப்படிப்பட்ட பெட்டிக்குள் மூச்சுமுட்டி இறந்த குழந்தைகள் உண்டு. அமெரிக்காவில் உள்ளிருந்து திறக்கும் கதவுக்காக 1956இல் தனிச் சட்டமே போட்டார்கள். கதவைக் கழற்றுவது ஸ்க்ரூடிரைவர் இருந்தால் பத்து நிமிட வேலை.