கரிசலாங்கண்ணியும் வளர்ப்பு மீனும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கண்மாய்கள் வானம் பார்த்தவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் பெற்று, கோடை முதிருமுன் வற்றத் தொடங்குவன. ஆதலின் ஆண்டு விடப்படும் மீன்குஞ்சுகள் சில திங்களுக்குள் வளர்ந்தாக வேண்டும். நீர் சுருங்கச் சுருங்க மீன்கள் நெருங்கும். நோய் எளிதிற் பரவும். அந்நீரையே ஆடுமாடுகளும் பருகுதலின், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அதிற் கலத்தல் தக்கதன்று. இரையோடு பச்சிலை சேர்த்து மீனின் எதிர்ப்பாற்றலைப் பெருக்க இயலுமா என்பதே ஈண்டு எழும் வினா.

மதுரை டோக் பெருமாட்டி கல்லூரி விலங்கியலார் இதனை ஆராய்ந்து 2007-இல் முடிவு வெளியிட்டனர். 1952-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட திலாப்பியா மீனுக்கு (மக்கள் வழக்கில் ஜிலேபிக் கெண்டை), கரிசலாங்கண்ணி இலையின் நீர்ச்சாற்றை 0.01, 0.1, 1 விழுக்காடு என்னும் அளவுகளில் இரையிற் சேர்த்து, 1, 2, 3 வாரங்கள் ஊட்டினர். பின்னர் ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்னும் நோய் நுண்ணுயிரை உடலிற் செலுத்திப் பார்த்தனர்.

மீனின் குருதியில் லைசோசைம் என்னும் நொதி உண்டு. அது நுண்ணுயிரின் புறச்சுவரைச் சிதைப்பது. சாறு உண்ட மீன்களில் இதன் செயல் மிகுந்தது. 1 விழுக்காட்டுச் சாறு பெற்றவற்றில், சாறு பெறாதவற்றை நோக்க, இறப்பு ஒரு வார ஊட்டலில் 64 விழுக்காடும், இரு வாரத்தில் 75 விழுக்காடும் குறைந்தது. மூன்று வாரம் ஊட்டியபோதோ 32 விழுக்காடே குறைந்தது. பச்சிலைதானே, நாளும் ஊட்டினால் நன்மை மிகும் என்னும் எண்ணம் பொருந்தாமை இதனாற் புலனாகும். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் உணவின் அளவையே பெரிதும் பேசுவதை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

இனி, பெயர் பற்றிய சிக்கல் ஒன்றுண்டு. ஆய்விற்கு உட்பட்டது வெண்பூப் பூக்கும் எக்லிப்டா ஆல்பா. பொற்றலைக் கையாந்தகரை எனப்படும் மஞ்சள் கரிசலாங்கண்ணி வேறொரு செடி. நாட்டு வழக்கில் இரண்டும் கரிசலாங்கண்ணியே. ஒன்றிற் கண்ட பயனை மற்றொன்றின்மேல் ஏற்றுதற்குச் சான்றில்லை.

கண்மாயில் மீன் பெரிதும் தானே இரை தேடுதலின், இரையை அளந்திடும் பண்ணைக்குட்டைக்கே இம்முறை ஏற்றது. ஆய்வுத்தொட்டியின் முடிவை அங்கும் சிறிது சிறிதாகவே சோதித்தறிதல் வேண்டும். அதற்குமுன் செடியின் பெயரைப் பூவின் நிறத்தோடும் தாவரவியற் பெயரோடும் ஐயமறப் பதிந்து வைத்தல் தமிழாய்வாளர் கடனாம். பெயர் பிறழின் மருந்தும் பிறழும். அதன் இழப்பு உழவனுடையதாகும்.