‘மரம் வெட்டப் போனார்’ என்றால் கணினிக்கு என்ன புரியும்?

“அம்மா விடியற்காலையிலேயே மரம் வெட்டப் போய்விட்டார்.” ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த யாரிடம் இதைச் சொன்னாலும், அம்மா நிரைக்குப் போய்ப் பால்மரம் சீவுகிறார் என்று உடனே விளங்கிக்கொள்வார்கள். தோட்டத்தையே பார்க்காத ஒருவரோ, கோடரியால் மரத்தைச் சாய்க்கப் போயிருக்கிறார் என்று நினைப்பார். எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால், பொருள் இரண்டு.

கணினியும் அந்த இரண்டாமவரைப் போலத்தான். மொழிபெயர்ப்புச் செயலி, பேச்சைக் கேட்டு எழுதும் கைப்பேசி வசதி, கேள்விக்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஆகிய எல்லாமே மனித மொழியைக் கணினிக்குக் கற்பிக்கும் துறையிலிருந்து வந்தவை. கணினி மொழியியல் எனப்படும் இந்தத் துறை, ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ளும் வேலையை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. சொல்லைப் பிரிப்பது, சொற்களுக்கு இடையே உள்ள உறவைக் காண்பது, பொருளை முடிவு செய்வது. தமிழ்ப்பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு மூன்றுமே பழக்கமானவைதான்.

சொல்லைப் பிரிப்பது

‘தோட்டங்களிலிருந்து’ என்பது பார்வைக்கு ஒரே சொல். அதற்குள் தோட்டம், கள், இல், இருந்து என நான்கு உறுப்புகள் இருக்கின்றன. மலாய்மொழியில் ‘டாரி லாடாங்’ என்று தனித்தனிச் சொற்களாக நிற்பது, தமிழில் ஒட்டி ஒரே சொல்லாகிறது. ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்ற வினையில் செயல், தொடர்ச்சி, காலம், மரியாதை அல்லது பன்மை எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஒரு வினைப்பகுதியிலிருந்து இப்படி ஆயிரக்கணக்கான வடிவங்கள் பிறக்கும். அத்தனையையும் அகராதியில் அடுக்க முடியாது. எனவே, பகுதி எது, விகுதி எது என்று பிரிக்கக் கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதோடு புணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. ‘மரம்’ ஐ உருபு ஏற்றால் ‘மரத்தை’ ஆகிறது. ‘பலகை’ என்பது அமரும் பலகையா, ‘பல கை’ என்பதன் சேர்க்கையா என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எழுத்திலேயே இன்னொரு சுமையும் இருக்கிறது. ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடு முறையில் மெய், உயிர்க்குறி, புள்ளி எனப் பிரிந்து அது 5 குறியீடுகளாகிறது. இணையத்தில் பரவலாகப் பயன்படும் சேமிப்பு முறையில் அது 15 பைட் இடம் பிடிக்கும். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட் போதும். ஆங்கிலத்தை முதன்மையாக வைத்து உருவாக்கப்பட்ட பல செயலிகள் தமிழ்ச் சொல்லை நிறையத் துண்டுகளாக உடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். துண்டு கூடினால் வேகம் குறையும், செலவும் கூடும்.

யார் யாரை என்ன செய்தார்?

‘நாய் மாமாவைக் கடித்தது’, ‘மாமாவை நாய் கடித்தது’. சொல்லின் வரிசை மாறினாலும் கடிபட்டவர் மாமாதான். ‘ஐ’ என்ற வேற்றுமை உருபு அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்திலும் மலாயிலும் பெரும்பாலும் சொல் நிற்கும் இடமே இந்த வேலையைச் செய்கிறது. அந்த மொழிகளுக்கான முறையை அப்படியே தமிழுக்கு எடுத்து வந்தால் கணினி தடுமாறும்.

உருபு எப்போதும் வெளியே நிற்பதுமில்லை. ‘மாடு புல் தின்றது’ என்பதில் உருபு இல்லை. புல் மாட்டைத் தின்னாது என்ற உலக அறிவால் நாம் புரிந்துகொள்கிறோம். ‘பெரிய தோட்டத்துப் பள்ளிக்கூடம்’ என்றால் பெரியது தோட்டமா, பள்ளிக்கூடமா? ‘புலி கொன்ற யானை’ என்றால் செத்தது எது? இத்தகைய இரட்டைப் பொருள் தொடர்களைத் தமிழ் இலக்கண நூலார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். இன்று கணினியும் அதே இடத்தில்தான் திணறுகிறது.

பொருளுக்கு வழிகாட்டுவது சூழல்

பல பொருள் தரும் ஒரு சொல்லுக்கு எந்தப் பொருளைக் கொள்வது? அதனோடு வரும் வினை, இனம், சார்பு ஆகியவற்றைக் கொண்டு தெளியலாம் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வழி சொல்கிறது. ‘மா’ என்பது மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. ‘மா விழுந்தது’ என்றால் வினை மட்டும் போதாது. முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

இன்றைய கணினி ஏறக்குறைய இதையே எண்களால் செய்கிறது. ‘பால்’ என்ற சொல்லுக்கு அருகே தேநீர், மாடு, சர்க்கரை வந்தால் ஒரு பொருள். மங்கு, நிரை, கத்தி வந்தால் ரப்பர்ப் பால். ஆண், பெண், பலர் என்று வந்தால் இலக்கணப் பால். எந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கோடிக்கணக்கான வாக்கியங்களில் பார்த்துப் பார்த்து அது பழகிக்கொள்கிறது.

விதியிலிருந்து பழக்கத்திற்கு

தொடக்கத்தில் இந்த முறை இல்லை. 1954இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து, 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் மட்டும் கொண்டு, 60க்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களைக் கணினியால் ஆங்கிலத்திற்கு மாற்றிக் காட்டின. சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்புச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று அப்போது நம்பினார்கள். தீரவில்லை. விதிகளை எழுத எழுத விதிவிலக்குகளும் பெருகின.

பிறகு, மனிதர் எழுதியவற்றைக் கணினிக்குக் காட்டிப் பழக்கும் முறை வந்தது. 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்ற அமைப்பில், வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் மற்ற எல்லாச் சொற்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. இன்றைய செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் இந்த அடித்தளத்தில் எழுந்தவை.

விதியை நம்பிய காலத்தில் இலக்கணம் தெரிந்த சிலர் போதும். பழக்கத்தை நம்பும் காலத்தில் ஏராளமான எழுத்து வேண்டும். தமிழ் பின்தங்குவது இங்கேதான். வாக்கிய உறவுகளை ஒரே முறையில் குறித்துவைக்கும் ‘யுனிவர்சல் டிபென்டன்சிஸ்’ என்ற உலகத் திட்டத்தில், செக் நாட்டின் சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தமிழ்த் தொகுப்பில் இருப்பவை 600 வாக்கியங்கள். ஆங்கிலத் தொகுப்புகளில் ஒன்றில் மட்டுமே 16,000க்கும் மேற்பட்ட வாக்கியங்கள் உள்ளன.

நம் தமிழ் எங்கே இருக்கிறது?

தமிழ் எழுத்துகளைக் கணினியில் ஏற்றும் முதல் போராட்டத்தில் இந்த வட்டாரத்திற்குப் பெரிய பங்குண்டு. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் ‘முரசு அஞ்சல்’ முத்து நெடுமாறன் ஆகியோரின் உழைப்பு பலரும் அறிந்தது. தமிழ் இணைய மாநாடு 1997இல் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் நடந்தது. 2023இல் ‘ஏஐ சிங்கப்பூர்’ வெளியிட்ட ‘சீ-லயன்’ மொழி மாதிரியும் வட்டார மொழிகளோடு தமிழைச் சேர்த்துக்கொண்டது.

ஆனால், இணையத்தில் இருக்கும் தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ். பெரட்டு, கிராணி, ஆயாக்கொட்டகை, தீம்பாரு போன்ற சொற்கள் அதில் அரிது. இது வெறும் சொற்பெருமைப் பிரச்சினையன்று. ‘பசியாறிவிட்டு மாத்திரை போடுங்கள்’ என்றால் காலை உணவுக்குப் பின் என்று இங்குள்ள பாட்டிக்குத் தெரியும். அந்த வழக்கைப் பார்த்திராத மொழிபெயர்ப்புச் செயலி, பசி தணிந்த பிறகு என்று பொதுவாகச் சொல்லி, வேளையை விட்டுவிடலாம். மருந்துச்சீட்டு, வங்கிக் கடிதம், நீதிமன்ற ஆவணம் ஆகியவற்றில் செயலி தரும் தமிழை மட்டும் நம்பாமல், மொழி தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

குறையைச் சரிசெய்யப் பொதுமக்களாலும் முடியும். இணையத்தில் எழுதும்போது தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். ஆங்கில எழுத்தில் எழுதினால் ‘கலை’யும் ‘களை’யும் ஒன்றாகிவிடும். தமிழ் விக்கிப்பீடியாவில் தம் ஊர், தோட்டம், பள்ளி பற்றிச் சான்றோடு எழுத யாருக்கும் தடையில்லை. மோசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ திட்டத்தில் தமிழ் வாக்கியங்களைப் படித்துக் குரலைக் கொடையாகத் தரலாம். அங்கே மலேசியக் குரல் சேரச் சேர, நம் உச்சரிப்பும் கணினிக்குப் பழகும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். நிரைபிடித்து மரம் வெட்டியவர்கள் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் சொற்களை இப்போதே கேட்டு எழுதிவைத்தால்தான், நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்கும் அவை புரியும், கணினிக்கும் புரியும்.