சென்ட் டப்பாவைக் கழற்றிவிட்டுக் காரை முகர்ந்து பாருங்கள்

ஓட்டி வந்து நிறுத்தியதும் காரில் ஏதோ வாடை. உடனே கடையில் ஒரு சென்ட் டப்பா வாங்கி ஏசி துவாரத்தில் செருகிவிடுகிறோம். கோளாறு அப்படியே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போகும். தினமும் அதே காரில் போகிறவரின் மூக்கு எந்த வாடைக்கும் பழகிவிடும். அதனால் எப்போதாவது ஏறுகிற மாமியாரோ பேரனோ "என்னமோ நாறுதே" என்றால் தட்டிக் கழிக்காதீர்கள்.

நிறுத்திய பிறகு ஏன்?

கார் ஓடும்போது எதிர்க்காற்று வாடையை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நின்றதும் இன்ஜின் சூடு பானட்டுக்குள் தேங்குகிறது. சூடான புகைக்குழாய் மேல் சொட்டிய ஆயிலும் கூலன்டும் ஆவியாகி மேலே வருகின்றன. ராத்திரி காருக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் வெறும் தண்ணீர்க் கறை இருந்தால் அது ஏசித் தண்ணீர், கவலையில்லை. பச்சையோ சிவப்போ தெரிந்தால் பெரும்பாலும் கூலன்ட். பழுப்பு, கறுப்பு என்றால் ஆயில். மெக்கானிக்கிடம் அந்த அட்டையையே கொண்டுபோய்க் காட்டலாம். வாடை ஏசி போட்டதும் வந்ததா, மேடு ஏறிய பிறகா, மழைக்குப் பிறகா என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஈரத்துணி வாடை

ஏசியின் குளிர்ந்த காயிலில் நீர்த்துளியும் தூசியும் சேர்ந்தால் பூஞ்சை வளரும். காயாத துணியை மடித்து வைத்த வாடை அதனால்தான். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்குக் காரில் ஏறியதும் தும்மலும் இழுப்பும் வரக் காரணம் பல நேரம் இதுவே. பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் உண்டு. கழற்றிப் பார்த்தால் சருகும் தூசியும் அப்பியிருக்கும். மாற்றுவது சின்னச் செலவு. வீடு வருவதற்குச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டால் காயில் உலரும். முன்சீட்டு மேட் நனைந்திருந்தால் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம்.

இனிப்பு வாடை

அதே மேட்டைத் தொட்டால் பிசுபிசுப்பாக இருந்து, முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம்போல் மங்கலாகவும் இருந்தால், அது கூலன்ட் கசிவு. பெரும்பாலான கூலன்டுகளில் எத்திலீன் கிளைகால் இருக்கிறது. சுவை இனிப்பு, ஆனால் உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். தரையில் சொட்டியதைக் குழந்தையோ நாயோ நக்கும் முன் கழுவிவிடுங்கள். மிச்சமுள்ள கூலன்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை மட்டும் செய்யவே கூடாது. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் வேண்டாம். கொதிநீர் முகத்தில் பீறிடும்.

கருகல், பெட்ரோல், அழுகிய முட்டை

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் இறங்கி வந்ததும் கருகல் வாடை அடித்தால், பிரேக்கை விடாமல் மிதித்ததுதான் காரணமாக இருக்கும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாமல் ஆறவிடுங்கள். அடுத்த முறை கீழ் கியரில் இறங்குங்கள். பிளாஸ்டிக் கருகும் வாடை வேறு ரகம். எலி கடித்த ஒயரோ, பின்னாளில் பொருத்திய ஹாரன், விளக்கு ஒயரோ சூடாகிறது. ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்து, எல்லோரையும் இறக்குங்கள். புகை வந்தால் பானட்டை அகலத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டு நெருப்பு பிடிக்கும்.

பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட்டே செய்யக் கூடாது. தீ ஒருபுறம் இருக்க, அதிலுள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. அழுகிய முட்டை வாடை அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆன பேட்டரியிலிருந்தோ சைலன்சரோடு சேர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலிருந்தோ வரலாம். அந்த வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். வாடை நின்றுவிட்டது என்று உள்ளே உட்கார்ந்திருக்காதீர்கள்.

வாடையே இல்லாத விஷம்

இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சைலன்சர் குழாயில் ஓட்டை, சரியாக மூடாத டிக்கி, கதவடைத்த ஷெட்டில் ஓடும் இன்ஜின், நிறுத்திய காரில் ஏசி போட்டுத் தூங்குவது என்று இது உள்ளே வரப் பல வழி. காருக்குள் புகை வாடை அடித்தால் இதுவும் கூடவே வருகிறது என்றே கொள்ளுங்கள்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கக் கலக்கம். நாம் "பித்தம்" என்று சொல்லி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு பயணத்தைத் தொடர்கிறோம். ஆனால் காரில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பித்தம் வராது. இறங்கிக் காற்று வாங்கியதும் தெளிந்து, ஏறியதும் மறுபடி வந்தால் காரைச் சந்தேகப்படுங்கள்.

யாராவது மயங்கினால் வெளியே கொண்டுவந்து 108ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை இங்கே நம்ப முடியாது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் உள்ளதாகவே எடுத்துக்கொண்டு 98, 99 என்று காட்டும். எனவே "காருக்குள் இருந்தபோது வந்தது" என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தப் பரிசோதனையில்தான் இது தெரியும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுப்பதே முதல் சிகிச்சை. கர்ப்பிணிகள் லேசான தலைவலி என்றாலும் போய்க் காட்டிவிட வேண்டும். வயிற்றிலுள்ள குழந்தைக்குப் பாதிப்பு தாயைவிட அதிகமாக இருக்கலாம்.